பூஜ்யக் குழாய்

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டருக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே பெரிய டாக்டர், முதுகுக்குப் பின்னால் பூட்டம்மா. ரத்த ஆய்வகத்தில் பிரிட்ஜுக்கு ஒரு பூட்டு, இன்குபேட்டருக்கு ஒரு பூட்டு, ஸ்லைடு அலமாரிக்கு இரண்டு பூட்டு, போதாக்குறைக்கு மூலையில் நிற்கும் சீசியம் பெட்டிக்கு ஒன்று. எல்லாச் சாவியும் அவருடைய வெள்ளைக் கோட்டின் பையில் கிடந்து கலகலவென்று சத்தம் போடும். சத்தம் மாடிப்படி ஏறும்போதே உள்ளே எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் அங்கே ஒரு குழாய்கூடக் காணாமல் போனதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய வேலை, கதிர் பட்ட ரத்தத்தைப் படிப்பது. எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். மேலே எவ்வளவு கதிர் பட்டது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது சொல்லும். பெரிய டாக்டர் அதை நம்பமாட்டார். ஆளிடம் ஒரு குழாய் ரத்தம் எடுத்து, இரண்டு நாள் இன்குபேட்டரில் வளர்த்து, ஸ்லைடில் பரப்பி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். நல்ல குரோமோசோமுக்கு இடுப்பு ஒன்றுதான். கதிர் பட்டு ஒடிந்த துண்டுகள் தப்பாக ஒட்டிக்கொண்டால் இரண்டு இடுப்போடு நிற்கும். ஆய்வகத்தில் அதற்கு ரெட்டை இடுப்பு என்றே பெயர். ஆயிரம் செல்லில் எத்தனை ரெட்டை இடுப்பு என்று எண்ணிவிட்டால் போதும், ஆள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

இந்தச் சந்தேகம் அவருக்குப் பிறவிக் குணமல்ல, வேலையில் வந்து ஒட்டிக்கொண்டது. படித்து முடித்துச் சேர்ந்த முதல் ஆஸ்பத்திரியில் ஓர் எக்ஸ்ரே டாக்டர் இருந்தார். விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். கேட்டால், "ஒண்ணுமில்ல, சோப்பு ஒத்துக்கல" என்பார். அவருடைய பேட்ஜும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னது. ஐம்பத்திரண்டு வயதில் ரத்தம் கெட்டுச் செத்துப்போனார். ஆளும் பொய் சொல்வான், பேட்ஜும் பொய் சொல்லும், ரத்தம் மட்டும் சொல்லாது என்று அன்றைக்கு மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார் பெரிய டாக்டர். அந்த ஒரு முடிச்சிலிருந்து ஒரு புத்தகம், நாற்பது கட்டுரை, சுவரில் மாட்ட மூன்று பட்டயம் எல்லாம் வந்துவிட்டன.

ஆனால் ரத்தத்தைப் படிக்க இன்னொரு ரத்தம் வேண்டும். கதிரே படாத ஆள் ஒருவருடைய ரத்தத்தில் எத்தனை ரெட்டை இடுப்பு வருகிறது என்று பார்த்து, அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும். அதற்குப் பெயர் பூஜ்யக் குழாய். முதல் வருஷமே அதற்குத் தன் கையை நீட்டியவர் பெரிய டாக்டர். வெளியாள் என்றால் எங்கே போனான், என்ன செய்தான் என்று யாருக்குத் தெரியும்? தன் கையென்றால் கண்முன்னாலேயே இருக்கிறது. குழாயின்மேல் 0 என்று அவரே எழுதுவார். பல வருஷமாக அதில் ஐந்து, மிஞ்சிப்போனால் ஆறு வரும். எக்ஸ்ரே அறைக்காரர்களுக்கும் ஐந்தோ ஆறோ வந்தால், வித்தியாசமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அப்படி இரண்டு தடவை கையெழுத்துப் போட்டது எக்ஸ்ரேக்காரர் விஷயத்தில். இருபது வருஷமாக அந்த அறையில் நின்றவர். எலும்பு மஜ்ஜை சோர்ந்துபோய், இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அந்த அறையில்தான் ஏதோ கோளாறு, தன்னோடு வேலை பார்க்கும் நாலு பேரையும் உடனே வெளியே எடுத்துவிட்டு அறையைச் சோதிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பெரிய டாக்டர் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு என்றது கமிட்டி. பெரிய டாக்டருக்கு அந்த மனுஷர்மேல் நம்பிக்கை கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய பேட்ஜ் ஒருமுறை தலைசுற்றும் அளவுக்குக் காட்டியது. ரத்தமோ பூஜ்யக் குழாய் மாதிரியே இருந்தது. பேட்ஜை வேண்டுமென்றே மெஷினுக்கு அடியில் வைத்திருக்கிறார் என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தவரே பெரிய டாக்டர்தான்.

இப்போது மூன்றாவது கடிதம். அடுத்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். அதே மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு.

கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. மகளுக்குப் பிரசவம் என்று பத்து நாள் லீவில் போனார் பெரிய டாக்டர். போன இடத்தில் இன்னும் பத்து நாள் இழுத்துக்கொண்டது. திரும்பி வந்து மேஜையில் இருந்த தாளைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எக்ஸ்ரே அறைக்காரர்கள் ஐந்து பேருக்கும் ஐந்து, ஆறு, ஏழு என்று வழக்கம்போல இருந்தது. பூஜ்யக் குழாயில் ஒன்று.

"இது யாரு ரத்தம்?" என்றார்.

அவருக்கு உதவியாக இரண்டு வருஷமாக வேலை பார்க்கும் சின்ன டாக்டர் எழுந்து நின்றாள். "நீங்க ஊர்ல இல்லையே மேடம். அதான் நம்ம தோட்டக்காரர்கிட்ட எடுத்தேன். அவரு இந்தக் கட்டடத்துக்குள்ளேயே வந்ததில்ல. நோட்டுல எழுதியிருக்கேன்."

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"போன் பண்ணினேன் மேடம். நீங்க பிரசவ வார்டுல இருந்தீங்க, எடுக்கல."

பதில் நெய் பூசின மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. பெரிய டாக்டருக்கு அதுவே உறுத்தியது. அந்த ஒன்று என்ற எண்ணை நம்பினால், ஐந்து பேருக்கும் ஐந்தாறு மடங்கு கதிர் ஏறியிருக்கிறது என்று ஆகும். எக்ஸ்ரேக்காரர் சொல்வது அத்தனையும் உண்மை என்று ஆகும். எப்படி இருக்கிறது பாருங்கள், அவர் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து, கடிதம் எழுத வேண்டிய சமயமாகப் பார்த்து, எக்ஸ்ரேக்காரருக்கு வசதியாக ஒரு பூஜ்யம்!

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். பார்க்கிறவருக்கு எல்லாமே தென்படும். கேன்டீனில் சின்ன டாக்டர் எக்ஸ்ரேக்காரருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். இன்னொரு நாள் அவருடைய மாத்திரைச் சீட்டை வாங்கிப் படித்தாள். பெரிய டாக்டர் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பூட்டம்மா வந்தால் ஆஸ்பத்திரியில் எந்த மேஜையிலும் பேச்சு நிற்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஸ்லைடு எண்ணுகிற அம்மாளையும் விட்டுவைக்கவில்லை. பத்தொன்பது வருஷமாகக் குனிந்த தலை நிமிராமல் மைக்ராஸ்கோப்பில் எண்ணுகிற பிறவி அவள். எந்தக் குழாய் யாருடையது என்று தெரியாமல், நம்பரை மட்டும் பார்த்து எண்ண வேண்டும் என்பது விதி. "நம்பர் எதுன்னு யாராவது காதுல ஓதினாங்களா?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

"எனக்கு வீட்டு நம்பரே சமயத்துல மறந்துபோகுது மேடம், இது எங்கே?" என்றாள் அவள்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தார். புது ரத்தம், புது நம்பர், எல்லாம் தன் கையால். எக்ஸ்ரே அறைக்காரர்கள் ஐந்து பேரிடம் எடுத்தார். தோட்டத்துக்கே போய், மண் கையைக் கழுவச் சொல்லி, தோட்டக்காரரிடம் எடுத்தார். தன் கையில் ஒன்று. ஏமாற்றுகிறவரைக் குழப்ப இன்னும் ஒன்று இருந்தால் தேவலை என்று தோன்றியது. வீட்டில் ஒருவர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்!

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர் கணவர். சாப்பாட்டு மேஜையில் ஊசியைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவைத்தார். "கல்யாணமாகி முப்பத்திமூணு வருஷத்துல மிச்சமிருந்தது இது ஒண்ணுதான். எடுத்துக்கோ."

"கையை ஆட்டாதீங்க."

"யாரைப் பிடிக்கப் போறே?"

"என் பூஜ்யத்தையே மாத்தப் பாக்கறாங்க. நான் எழுதின புத்தகம் மொத்தமும் அந்தப் பூஜ்யத்து மேலதான் நிக்குது. அது போச்சுன்னா நான் இத்தனை வருஷம் செஞ்சதுக்கு அர்த்தமே இல்ல, தெரியுமா?"

கணவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கேலியை மட்டும் அப்போதைக்கு நிறுத்திக்கொண்டார்.

எட்டுக் குழாய். எந்த நம்பர் யார் என்று எழுதிய துண்டுக் காகிதத்தை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்தார். இன்குபேட்டரைப் பூட்டி, கதவின் இடுக்கில் காகிதம் ஒட்டி அதன்மேல் கையெழுத்தும் போட்டார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது காகிதம் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. ஸ்லைடுகளை அவரே பரப்பினார், அவரே நம்பர் போட்டார். எண்ண மட்டும் அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, மூன்று வாரம் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மாள் தும்மினால்கூட எதற்குத் தும்முகிறாள் என்று பார்த்தார்.

மூன்றாவது வாரக் கடைசியில், ஒரு மத்தியானம், எட்டு எண்களும் எழுதிய தாள் கைக்கு வந்தது. ஆறு, ஒன்று, ஐந்து, ஏழு, ஆறு, ஒன்று, ஐந்து, ஆறு. போன தடவை திருட்டுத்தனம் நடந்திருந்தால் இந்தத் தடவை எல்லாருக்கும் ஒரே மாதிரி ஐந்தும் ஆறுமாக வந்திருக்க வேண்டும். இரண்டு இடத்தில் ஒன்று நின்றது.

அறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டுத் துண்டுக் காகிதத்தைப் பிரித்தார். இரண்டாம் நம்பர், தோட்டக்காரர். ஆறாம் நம்பர், கணவர். எட்டாம் நம்பர், அவர்.

முதலில் கணவர்மேல்தான் சந்தேகம் வந்தது. எடுத்ததே தன் கைதான் என்று நினைவு வந்ததும் அது போயிற்று. பிறகு எண்ணுகிற அம்மாள். மூன்று வாரமும் கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே இருந்தாயிற்று. சின்ன டாக்டர் இந்தத் தடவை குழாயைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ரத்தத்தை வளர்க்கும் மருந்து மேல் தப்பு என்றால் எட்டுக் குழாய்க்கும் ஒரே மருந்து. ஒவ்வொருவராக விரலை மடக்கி மடக்கி வந்தவருக்கு, கடைசியில் மடக்க வேறு விரல் இல்லை. ஒரே ஓர் ஆளை மட்டும் அவர் இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

கண்ணாடிக் கதவு வழியாக மூலையில் நிற்கும் சீசியம் பெட்டி தெரிந்தது. இவ்வளவு கதிர் பட்டால் இவ்வளவு ரெட்டை இடுப்பு என்று அளவு வைத்துக்கொள்ள, வாங்கி வந்த ரத்தத்தை அதில் வைத்துத்தான் கதிர் காட்டுவார்கள். பழைய காலத்துப் பெட்டி. மூடியைக் கையால் தள்ளித் திறக்க வேண்டும், மூடும்போது கொஞ்சம் சிக்கும். யாரையும் நம்பிச் சாவியைக் கொடுத்ததில்லை. அத்தனை வருஷமும் திறந்தது அவர், மூடியது அவர், சிக்கும்போது பக்கத்தில் நின்று மல்லுக்கட்டியதும் அவர். பேட்ஜ் போடவில்லை, பேட்ஜ்தான் பொய் சொல்லுமே. வேறு ஊர் ஆய்வகத்திலிருந்து ஒருமுறை கடிதம் வந்திருந்தது. எங்கள் பூஜ்யத்தில் ஒன்றுதான் வருகிறது, உங்களுக்கு ஏன் ஐந்து என்று. ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் அதனதன் பூஜ்யம் என்று நறுக்கென்று பதில் போட்டிருந்தார். அந்தப் பதில் சரிதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

கெட்டுப்போன ரத்தத்தைக் கெட்டுப்போன ரத்தத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசமில்லை, வித்தியாசமில்லை என்று எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டோம்!

இன்னொன்றும் அவருக்குப் புரிந்தது. எட்டாம் நம்பர் யார் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இந்தத் துண்டுக் காகிதத்தைக் கிழித்துப் போட்டால் தீர்ந்தது. இன்னும் ஆறு நாளில் ஓய்வு. புத்தகம் நிற்கும், பட்டயம் சுவரில் தொங்கும், பாராட்டுக் கூட்டத்தில் நாலு பேர் நல்ல வார்த்தை சொல்வார்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்: பெரிய டாக்டர் கடிதத் தாளை எடுத்து, 'ஒப்பிட்டுப் பார்த்ததில் வித்தியாசம் ஏதும்' என்பது வரைக்கும் எழுதியும்விட்டார்.

சாயங்காலம் கதவைத் தட்டினார்கள். போய்த் தாழை நீக்கினார். எண்ணுகிற அம்மாள், கைப்பையோடு வீட்டுக்குக் கிளம்பி நின்றாள்.

"கேக்கலாமான்னு தெரியல மேடம். அந்த எட்டாம் நம்பரும் எக்ஸ்ரே அறைக்காரங்கதானே?"

பெரிய டாக்டர் காகிதத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். இவளுக்குத் தெரிந்துவிட்டதா? வேவு பார்க்க வந்திருக்கிறாளா? "ஏன் கேக்கறே?"

"ஒரு செல்லுல மூணு இடுப்பு பார்த்தேன். இத்தனை வருஷத்துல நான் அதைப் பார்த்ததே இல்ல. மனசே சரியில்ல மேடம். யாரா இருந்தாலும் சரி, அவங்களை மொதல்ல வெளிய எடுக்கச் சொல்லி எழுதுங்க. வீட்டுல பிள்ளைகுட்டி இருக்கும்."

அவள் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தார் பெரிய டாக்டர். அங்கே சூது இல்லை, வாது இல்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்காக வருத்தப்படுகிற முகம், அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷமாகத் தாம் செய்திருக்க வேண்டிய வேலையை இவள் வாசலில் நின்றபடி செய்துவிட்டாள் என்று தோன்றியது.

"எழுதறேன்" என்றார். அவள் போனதும் பாதி எழுதின தாளைக் கிழித்தார். துண்டுக் காகிதத்தைக் கிழிக்கவில்லை. அதைப் புதுக் கடிதத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார்.

மறுநாள் காலையில் எக்ஸ்ரேக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவர் வாசலோடு நின்றுகொண்டார்.

"உட்காருங்க."

"நின்னே கேட்டுக்கறேன் டாக்டரம்மா. மூணாவது தடவை, பழகிடுச்சு."

"கடிதம் கமிட்டிக்குப் போயிடுச்சு. உங்களோட சேர்த்து அஞ்சு பேரையும் இன்னைக்கே அறையை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கேன். ஒப்பிட்டுப் பார்த்த ரத்தமே கெட்டுப்போன ரத்தம்னு எழுதியிருக்கேன். அது என் ரத்தம்." மூச்சை இழுத்துக்கொண்டார். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, பேட்ஜை நீங்கதான் மெஷினுக்கு அடியில வெச்சீங்கன்னு எழுதினது நான். நீங்க வெக்கல."

எக்ஸ்ரேக்காரர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"அப்படியா டாக்டரம்மா" என்றார். "எனக்கே இப்ப நிச்சயமா தெரியாது. நீங்க படிச்சவங்க, ரத்தத்தைப் பார்த்துச் சொன்னீங்க. எம்பொண்ணு கேட்டா, ஏம்பா, நீ வெச்சியான்னு. இல்லன்னேன். ஆனா யோசிச்சு யோசிச்சு, வெச்ச மாதிரியே ஞாபகம் வர ஆரம்பிச்சிடுச்சு. குனிஞ்சு வெக்கறது கண்ணுக்குள்ளயே தெரியும்."

பெரிய டாக்டர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அதுக்கப்புறம் மத்த நாலு பேரும் பயந்துட்டாங்க" என்றார் எக்ஸ்ரேக்காரர். "கூடக் காட்டினா நம்ம தலையிலதானே கட்டுவாங்கன்னு, வேலை நேரத்துல பேட்ஜைக் கழட்டி டிராயர்ல போட்டுடுவாங்க. அதான் உங்களுக்கு எப்பவும் சுத்தமா வந்துச்சு. சொல்லணும்னு நெனப்பேன். சொன்னா அதையும் நம்ப மாட்டீங்களே."

எழுந்து வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். "உங்க ரத்தம் இப்ப எப்படி இருக்கு டாக்டரம்மா? யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பெரிய டாக்டர் அழுதார், கதவு திறந்திருக்கிறது என்ற நினைப்புக்கூட இல்லாமல்.

சாயங்காலம் சின்ன டாக்டரைக் கூப்பிட்டு, சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். "சீசியம் பெட்டிக்குச் சீல் வெக்கச் சொல்லிட்டேன். மத்ததெல்லாம் உன்கிட்ட. எண்ணிக்கோ."

"வேண்டாம் மேடம், நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்."

"எண்ணுன்னா எண்ணு. நான் குடுத்தா சரியா இருக்கும்னு நெனச்சுத்தான் இவ்வளவும் ஆச்சு."

சின்ன டாக்டர் எண்ணினாள். பிறகு தலை நிமிராமல், "என்மேல சந்தேகப்பட்டீங்கன்னு தெரியும்" என்றாள்.

"பட்டேன். தப்பு." பெரிய டாக்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். "எடு. மறுபடியும் வளர்த்துப் பார்க்கணும். மஜ்ஜைப் பரிசோதனைக்கும் சேர்த்து எழுது."

ஊசி இறங்கியது. குழாய் நிறைந்ததும் பழக்கதோஷத்தில் அதைக் கையில் வாங்கிப் பேனாவைத் திறந்தார் பெரிய டாக்டர். முனை குழாயின்மேல் வட்டம் போடப் போய், போடாமல் நின்றது. எக்ஸ்ரே அறைக்காரர்கள் ஐந்து பேருக்கும் பதிவேட்டில் ஒன்றிலிருந்து ஐந்துவரை நிரந்தர நம்பர் உண்டு. அவர் 6 என்று எழுதி, குழாயை அவர்களுடைய தாங்கியில், ஐந்தாவதுக்கு அடுத்த துளையில் வைத்தார்.